கபெல்: ஒரே உப்பு, ஆறு விலை

1548 ஆகஸ்டு 21. பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோ நகரத்தில், மன்னரின் பிரதிநிதியாக இருந்த திரிஸ்தான் தெ மொனேனைக் கலகக் கூட்டம் தெருவில் வைத்துக் கொன்றது. கொன்றதோடு நிற்கவில்லை, உடலை வெட்டி அதன்மேல் உப்பைக் கொட்டியது. அந்த நாள்களைச் சிறுவனாக இருந்து கண்டவர்களில் ஒருவர் மொந்தேய்ன், பின்னாளில் கட்டுரை என்ற இலக்கிய வகைக்கே வழிகாட்டியானவர். பிணத்தின்மேல் உப்பு எதற்கு என்று அந்த ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதலாம் பிரான்சுவா மன்னர் தம் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் தென்மேற்கு மாகாணங்களுக்கும் நீட்டிவிட்ட ஒரு வரிக்கு எதிராகத்தான் கலகமே மூண்டது. வரியின் பெயர் கபெல்.

இன்றைய பிரெஞ்சு அகராதிகளில் கபெல் என்றால் பழைய முடியாட்சிக் காலத்து உப்பு வரி. சொல் பிறந்தபோது அதற்கும் உப்புக்கும் உறவில்லை. வரி என்றும் அதற்குப் பொருளில்லை. அரபு மண்ணில் ஓர் ஒப்பந்தத்தின் பெயராகத் தொடங்கிய அது, மத்தியதரைக் கடலைத் தாண்டி இத்தாலியில் கபெல்லா, ஸ்பெயினில் அல்கபாலா, பிரான்சில் கபெல் என்று மூன்று கிளை விட்டது. மூன்று கிளைகளும் அரசர்களுக்கு எதிரான எழுச்சிகளின் நடுவே அகப்பட்டன. அவற்றில் ஒன்று, ஐரோப்பாவின் மிகப் பழைய அரியணை ஒன்று சாய்ந்த நேரத்திலும் பக்கத்தில் நின்றது.

மூலச் சொல் ‘கபாலா’. ஏற்றுக்கொள்வது, பொறுப்பேற்பது என்ற பொருள் தரும் அரபு வேரிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம் திருமணத்தில் மணமகன் சம்மதம் சொல்லும் ‘கபூல்’ என்பதற்கும் அதே வேர்தான். ஷேர்ஷா காலத்து நில நிர்வாகத்தில் அரசு குடியானவருக்குக் கொடுத்தது பட்டா. அதை ஏற்று அவர் எழுதிக் கொடுத்தது கபூலியத். வங்காளத்தில் இன்றும் நிலக் கிரயப் பத்திரத்துக்குப் பெயர் கபாலா. இவை எல்லாம் ஒரு குடும்பத்துச் சொற்கள்.

அரபு ஆட்சிக்கு உட்பட்ட எகிப்தில் கபாலா ஒரு தொழில்முறைச் சொல்லாயிற்று. பழைய தலைநகரமான ஃபுஸ்தாத்தில், அம்ர் பள்ளிவாசலில், கிராமங்களின் நிலவரியை ஏலம் விடுவார்கள். இத்தனை பணம் அரசுக்குக் கட்டுகிறேன் என்று ஒருவர் பொறுப்பேற்பார். பிறகு கிராமத்தில் அவர் தண்டுவது அவர் பாடு. கட்டியதற்கு மேல் கிடைத்தால் லாபம், குறைந்தால் நட்டம். நம் பக்கத்தில் இதையே குத்தகை என்றும், நவாபு காலத்தில் இஜாரா என்றும் சொன்னார்கள். அரசே நேரடியாக வசூலிப்பதற்கு அமானி என்று எதிர்ச்சொல்லும் இருந்தது.

இந்த ஏற்பாடு எங்கே போய் முடியும் என்பதை எட்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் கண்டுகொண்டார். பாக்தாதின் தலைமை நீதிபதி அபூ யூசுப், கலீபா ஹாரூன் அல்-ரஷீதுக்காக எழுதிய ‘கிதாப் அல்-கராஜ்’ என்ற நூலில், நிலவரியைக் குத்தகைக்கு விடாதீர்கள் என்று அறிவுரை சொன்னார். குத்தகைக்காரர் தம் லாபத்துக்காகக் குடிகளை வதைப்பார். அதில் நாடு பாழாகும் என்பது அவர் வாதம். ஒரு தரப்பில் வரி கட்டுகிறவர், மறு தரப்பில் அரசர், நடுவில் அரசருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அதைக் குடிகளிடம் மீட்கிறவர். இந்த மூன்று பேர் உறவுதான் கபாலா. சொல் எந்த மொழிக்குப் போனாலும் இந்த உறவும் கூடவே போயிற்று.

ஸ்பெயினுக்கு அது ‘அல்’ என்ற அரபு முன்னொட்டோடு போய், அல்கபாலா என்றானது. முஸ்லிம் ஆட்சியில் சந்தை வரியாக இருந்ததைக் கிறித்தவ அரசர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1342-இல் காஸ்தீல் மன்னர் பதினோராம் அல்ஃபோன்சோ, அல்ஹெசிராஸ் கோட்டையை முற்றுகையிடப் பணம் வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையிடம் தற்காலிகமாகக் கேட்டு வாங்கிய விற்பனை வரி அது. அந்தத் தற்காலிகம் 1845 வரை நீடித்தது. கைமாறும் ஒவ்வொரு விற்பனையிலும் பத்தில் ஒரு பங்கு என்பது பின்னாளில் அதன் கணக்கு. ஆடு, கம்பளி, துணி, சட்டை என்று ஒரே பொருள் நான்கு முறை கைமாறினால் நான்கு முறை வரி.

இதே முறையை, ஸ்பெயின் அரசரின் ஆளுநராக இருந்த ஆல்பா பிரபு 1569-இல் நெதர்லாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார். அங்கே அதற்குப் ‘பத்தாம் பென்னி’ என்று பெயர். வணிகத்தையே நம்பி வாழ்ந்த நகரங்கள் அதை ஏற்கவில்லை. 1572-இன் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் கடைக்காரர்கள் கடையை அடைத்தார்கள். மத ஒடுக்குமுறையால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த நாட்டில் அது இன்னொரு தீப்பொறி. 1581-இல் நெதர்லாந்தின் பல மாகாணங்கள், ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் இனி எங்கள் அரசர் இல்லை என்று ஆவணம் எழுதிக் கையெழுத்திட்டன.

இதே வரி அட்லாண்டிக்கைத் தாண்டி, ஸ்பெயினுக்கு உட்பட்டிருந்த பெரு நாட்டிலும் பெரிய கலகம் ஒன்றில் கலந்தது. அங்கே அல்கபாலா 2 சதவீதமாக இருந்தது. 1772-இல் 4 ஆயிற்று, 1776-இல் 6. வசூலைக் கறாராக்கச் சுங்கச் சாவடிகள் வைத்தார்கள். 1780 ஜனவரியில் அரெக்கிப்பா நகரத்து மக்கள் சுங்கக் கட்டடத்தைத் தாக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் இரண்டாம் துப்பாக் அமாரு என்று பெயர் சூடிக்கொண்ட ஹோசே காப்ரியேல் கொந்தோர்கான்கி, மாவட்ட அதிகாரி அந்தோனியோ தெ அர்ரியாகாவைச் சிறைபிடித்துத் தூக்கிலிட்டார். கொந்தோர்கான்கி பூர்வகுடித் தலைவர். கோவேறு கழுதைக் கூட்டங்களை வைத்துச் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர். ஒவ்வொரு சாவடியும் அவர் மடியில் கைவைத்தது. சுரங்கத்துக்குக் கட்டாய வேலைக்கு ஆள் பிடிப்பது, வேண்டாத சரக்கைக் குடிகள் தலையில் கட்டுவது, அல்கபாலா ஆகிய மூன்றையும் ஒழித்ததாக அவர் அறிவித்தார். எழுச்சி அடக்கப்படுவதற்குள் ஒரு லட்சம் பேர்வரை மாண்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் கணக்கு. 1781 மே 18 அன்று கூஸ்கோ சதுக்கத்தில் அவரும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள்.

அர்ரியாகாவைப் பிடித்தபோது, இது அரசரின் ஆணை என்றுதான் துப்பாக் அமாரு சொன்னார். அரசருக்கு எதிராகக் கிளம்பியவர் அரசர் பெயரைச் சொல்லியே கிளம்பினார். 1781-இல் இன்றைய கொலம்பியாவில் அதே வரிகளை எதிர்த்து எழுந்த கொமுனேரோக்கள் எழுப்பிய முழக்கமும் அதே பாட்டைத்தான் பாடியது: ‘அரசர் வாழ்க, கெட்ட நிர்வாகம் ஒழிக.’

அந்த முழக்கம் அதற்கு 134 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் கேட்டிருந்தது.

இத்தாலிக் கிளையான கபெல்லா, சிசிலி வழியாக நுழைந்து வட நகரங்கள்வரை பரவியது. கொஞ்ச காலத்தில் நகர வாசலில் வாங்கும் எந்தச் சரக்கு வரிக்கும் அதுவே பெயராயிற்று. சியெனா நகரத்தில் கபெல்லா அலுவலகத்துக்குத் தனி மதிப்பு; அதன் கணக்குப் புத்தகங்களின் மரஅட்டைகளில் பேர்பெற்ற ஓவியர்கள் படம் வரைந்தார்கள். நேப்பிள்ஸின் கதை வேறு. அது ஸ்பெயின் அரசருக்கு உட்பட்ட நாடு. போர்ச் செலவுக்காக மாட்ரிட் பணம் கேட்டுக்கொண்டே இருக்க, வைஸ்ராய்கள் மாவுக்கு, மீனுக்கு, எண்ணெய்க்கு என்று கபெல்லா போட்டுக்கொண்டே போனார்கள். வருங்கால வசூலை முன்கூட்டியே விற்றும்விட்டார்கள். வாங்கியவர்கள் ஜெனோவாவின் வட்டிக்காரர்களும் உள்ளூர்ப் பிரபுக்களும். ஏழை வாங்கும் ரொட்டியின் மீதான வரி, பிரபுவுக்கு ஆண்டு வருமானமாகப் போய்ச் சேர்ந்தது.

1647-இல் வைஸ்ராய் ஆர்கோஸ் பிரபு பழத்துக்கும் கபெல்லா போட்டார். கோடையில் நேப்பிள்ஸ் ஏழைகளின் வயிறு நிறைந்ததே பழத்தில்தான். ஜூலை 7 ஞாயிற்றுக்கிழமை, மெர்க்காத்தோ சதுக்கத்தில் இந்த வரியைக் கட்டுவது யார் என்று கொண்டுவந்தவர்களுக்கும் வாங்கி விற்பவர்களுக்கும் தகராறு வந்தது. கூடைகள் கவிழ்ந்தன, கூட்டம் சேர்ந்தது, வரிச் சாவடி எரிந்தது. முன்னால் நின்றவர் மசனியெல்லோ என்ற 27 வயது மீனவர். அவர் மனைவி வரி கட்டாமல் மாவு கொண்டுவந்ததாகப் பிடிபட்டுத் தண்டம் கட்டியவர் என்று நேப்பிள்ஸ்காரர்கள் சொல்வார்கள். ஒன்பது நாள் நகரமே அவர் சொன்னதைக் கேட்டது. பத்தாம் நாள் அவரைக் கொன்றுவிட்டார்கள். ‘ஸ்பெயின் அரசர் வாழ்க, கெட்ட நிர்வாகம் ஒழிக’ என்று தொடங்கிய அந்த எழுச்சி, அக்டோபர் 22 அன்று துப்பாக்கி செய்யும் தொழிலாளி ஜென்னாரோ அன்னேசே தலைமையில் குடியரசு என்று தன்னை அறிவித்துக்கொண்டது. அரசரை வாழ்த்தியதற்கும் அரசரே வேண்டாம் என்றதற்கும் நடுவில் நான்கு மாதம்கூட இல்லை. மறு ஏப்ரலில் ஸ்பெயின் படை நகரத்தைத் திரும்பப் பிடித்தது.

பிரெஞ்சுக் கிளைக்குத்தான் ஆயுள் நீளம். தொடக்கத்தில் பிரான்சிலும் கபெல் பொதுப்பெயர். துணிக்கும் கபெல் உண்டு, ஒயினுக்கும் உண்டு. 1340-களில் ஆறாம் பிலிப் மன்னர் நூறாண்டுப் போருக்குப் பணம் தேடி, உப்பு முழுவதையும் அரச உப்புக் கொட்டாரங்கள் வழியாகவே விற்கவேண்டும் என்று ஆணையிட்டார். உப்பை யாராலும் தவிர்க்க முடியாது. விளைவதும் சில இடங்களில்தான். காவல் போடுவது எளிது. பெண்வழி வாரிசுக்கு உரிமையில்லை என்று பிலிப்பின் தரப்பு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்குப் பிரெஞ்சு முடியை மறுத்தது; அதற்குப் பின்னாளில் சாலிக் சட்டம் என்ற வாரிசுரிமைச் சட்டத்தை ஆதாரம் காட்டினார்கள். உப்புக்கு இலத்தீனில் ‘சால்’. அதனால் சாலிக் சட்டத்தை இயற்றியவரே பிலிப்தான் என்று எட்வர்டு கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். அடுத்த நூறாண்டில் மற்றக் கபெல்கள் பேச்சிலிருந்து உதிர்ந்தன. கபெல் என்றால் உப்பு என்று நிலைத்தது.

வரி கனத்ததைவிட, அது நாடு முழுதும் சீராக இல்லாமற்போனதே பெரிய கேடு. அதற்குத்தான் போர்தோ உதாரணம். 1548 கலகத்தை அரசு கொடுமையாக அடக்கியது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே பேரத்துக்கும் உட்கார்ந்தது. தென்மேற்கு மாகாணங்கள் 1553-இல் 11,94,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மொத்தமாகக் கட்டி, கபெலிலிருந்து நிரந்தர விடுதலையை விலைக்கு வாங்கின. அன்றிலிருந்து அவற்றுக்கு ‘மீட்கப்பட்ட நாடுகள்’ என்று பெயர். பிரிட்டனி 1532-இல் பிரான்சோடு இணைந்தபோதே தன் பழைய உரிமைகளை எழுதி வாங்கியிருந்ததால் அங்கே கபெல் கிடையாது. நார்மண்டியின் மேற்குக் கரையில் உப்பு மணலைக் கரைத்துக் காய்ச்சியவர்களுக்குத் தனி விதி. அதைப் பறிக்கப்போகிறார்கள் என்ற வதந்திக்கே 1639-இல் ‘வெறுங்கால்காரர்’ கலகம் வெடித்தது, விதி தப்பியது. கிழக்கே உப்பு ஊற்றுகள் உள்ள மாகாணங்களுக்கு இன்னொரு கணக்கு. ஒவ்வொரு போரிலும் ஒவ்வொரு கலகத்திலும் அரசு எங்காவது ஒரு விலக்கை விற்றது, அல்லது விட்டுக்கொடுத்தது.

விளைவை 1781-இல் நிதியமைச்சர் நெக்கர் அச்சிட்ட அரசுக் கணக்கறிக்கையோடு சேர்ந்த வரைபடத்தில் பார்க்கலாம். ஒரே நாடு, ஆறு நிறம். நூறு பவுண்டு உப்பின் விலை, பாரிசைச் சுற்றிய ‘பெருங் கபெல்’ பகுதியில் ஏறக்குறைய 60 லிவ்ர். தெற்கே ‘சிறு கபெல்’ பகுதியில் அதில் பாதிக்குச் சற்று மேல். கிழக்கே இருபதைச் சுற்றி. பிரிட்டனியில் இரண்டு மூன்று லிவ்ர். பிரிட்டனிக்கும் அடுத்திருந்த மேன் மாகாணத்துக்கும் நடுவே ஓர் ஓடையோ வேலியோதான் எல்லை. ஓடையைத் தாண்டினால் விலை இருபது மடங்கு.

பெருங் கபெல் பகுதியில் உப்பை வாங்காமல் இருக்கவும் முடியாது. நிதியமைச்சர் கோல்பேர் காலத்தில் வகுத்த 1680-ஆம் ஆண்டு ஆணைப்படி, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் தலைக்கும் ஆண்டுக்கு ஏழு பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய மூன்றரை கிலோ, கொட்டாரத்தில் வாங்கியே ஆகவேண்டும். இதற்குக் ‘கடமை உப்பு’ என்று பெயர். அது சட்டிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டும். அதில் மிச்சம் பிடித்துப் பன்றி இறைச்சிக்கு உப்பிட்டால் குற்றம். அதற்குத் தனியாக வாங்கிச் சீட்டு வைத்திருக்கவேண்டும். கூலித் தொழிலாளிக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிவ்ர் கிடைத்த காலம். நான்கு தலை உள்ள வீட்டுக்குக் கடமை உப்பு மட்டும் 17 லிவ்ர்.

அதே பகுதியில் உயர் நீதிமன்ற அதிகாரிகள், அரசவைப் பதவியாளர்கள், பல மடங்கள் ஆகியோருக்குப் ‘பிராங்க்-சாலே’ என்றொரு சலுகை இருந்தது. அவர்களுக்கு உப்பு கிட்டத்தட்ட அடக்க விலையில் வந்துவிடும். மூட்டை தூக்குகிறவரைவிட அவரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவருக்கு உப்பு மலிவு. ‘தாய்யி’ என்ற நேரடி வரியிலிருந்தும் பிரபுக்களும் மதகுருமார்களும் பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் முழுப் படம் கிடைக்கும்.

வசூலித்தவர்கள் யார்? இங்கேதான் அரபுக் கபாலா ஆயிரம் ஆண்டு கழித்து முழு உருவில் தெரிகிறது. ‘ஃபெர்ம் ஜெனரால்’ என்ற பொதுக் குத்தகை நிறுவனம் உப்பு, புகையிலை, சுங்கம் முதலியவற்றை ஆறாண்டுக்கு ஒருமுறை அரசரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. ஒப்பந்தத்தில் ஒப்புக்கு ஒருவர் கையெழுத்திடுவார்; அவருக்குப் பிணையாக நாற்பது பெருஞ்செல்வர்கள் நிற்பார்கள். அவர்களே அரசருக்கு முன்பணமும் தருவார்கள். அவர்களிடம் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆயுதக் காவலர்கள் இருந்தார்கள். மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் கபெலூ. எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து அடுப்படிச் சட்டியைக் கிளறிப் பார்க்கும் அதிகாரம் கபெலூக்களுக்கு உண்டு.

மேன் எல்லையில் கள்ள உப்பு ஒரு குடிசைத் தொழிலாயிற்று. பெண்கள் பாவாடைக்குள் உப்புப் பையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். குழந்தைகள் சுமந்தார்கள். நாய்களைப் பிரிட்டனிப் பக்கம் கொண்டுபோய்ப் பட்டினி போட்டு, முதுகில் உப்பைக் கட்டி அவிழ்த்துவிடுவார்கள். சோறு தேடி அவை இரவோடு இரவாக வீடு வந்து சேரும். பிடிபட்டால் தண்டம்; கட்ட வக்கில்லாத ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை; ஆயுதக் கும்பலாகப் போனவர்களுக்குத் தூக்கு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இப்படிச் சிறைபுகுந்தார்கள்.

இத்தனைக்கும் பிரெஞ்சு விவசாயி நெடுங்காலம் அரசரைக் குறை சொல்லவில்லை. பதினேழாம் நூற்றாண்டுக் கலகங்களில் கேட்ட குரல், ‘கபெல் இல்லாத அரசர் வாழ்க!’ அரசர் நல்லவர், அவருக்குத் தெரியாமல் குத்தகைக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்பது நேப்பிள்ஸ் போலவே இங்கும் நம்பிக்கை. வரலாற்றை ஏழ்மையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பசியும் பாரமும் கலகத்துக்குப் போதும். கலகம் அரியணையை நோக்கித் திரும்புவதற்கு வேறொன்று நடக்கவேண்டியிருந்தது: ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய அரசர் முயன்று, அவரால் முடியாது என்பது ஊரறியத் தெரியவேண்டும்.

அது 1787-இல் நடந்தது. ஏழாண்டுப் போர், அமெரிக்க விடுதலைப் போர் என்று வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே அரசுச் செலவில் ஏறக்குறைய பாதி போய்க்கொண்டிருந்தது. நிதியமைச்சர் கலோன் பிரமுகர்கள் சபையைக் கூட்டி, எந்த வகுப்புக்கும் விலக்கில்லாத நிலவரியை முன்வைத்தார்; கபெலின் கடுமையைத் தணிக்கும் திட்டத்தையும் சேர்த்தார். சபையில் இருந்தவர்களோ விலக்கை அனுபவித்தவர்கள். திட்டம் விழுந்தது, கலோனும் விழுந்தார். பாரிஸ் உயர் நீதிமன்றமும் புதிய வரிகளைப் பதிவுசெய்ய மறுத்தது.

அரசர் பிடிவாதக்காரர் இல்லை. பதினாறாம் லூயிக்குக் கபெல் மீது பெரிய பற்றும் கிடையாது. ஆனால் அவர் முன்னோர்கள் விலக்குகளை விற்றே ஆட்சி நடத்தியவர்கள். தென்மேற்குக்குப் பணத்துக்கு விற்ற விலக்கு, பிரிட்டனிக்கு ஒப்பந்தத்தில் கொடுத்த விலக்கு, நீதிபதிகளுக்குப் பதவியோடு சேர்த்து விற்ற விலக்கு. குத்தகைக்காரர்களிடமோ அடுத்த ஆண்டுப் பணம் முன்கூட்டியே வாங்கியாயிற்று. இதில் எதைத் தொட்டாலும் முடியாட்சி போட்ட ஒரு கையெழுத்தை அழிக்கவேண்டும். எல்லாவற்றையும் தொட்டால் மிஞ்சுவது முடியாட்சியாக இராது.

வேறு வழியின்றி 1789-இல் மூன்று வகுப்புகளின் பேரவை கூட்டப்பட்டது. அதற்கு முன் ஊர்தோறும் குறைகளை எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான கிராமங்கள் எழுதிய ‘குறை ஏடுகள்’ இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பெருங் கபெல் பகுதி ஏடுகளில் கபெல் திரும்பத் திரும்பச் சபிக்கப்படுகிறது. அரசரை அவை இன்னும் தந்தை என்றே அழைக்கின்றன. ஜூலை 12 இரவிலிருந்து பாரிஸ் மக்கள், நகரைச் சுற்றிப் பொதுக் குத்தகை நிறுவனம் எழுப்பிவந்த மதிலின் சுங்க வாயில்களைக் கொளுத்தினார்கள். பாஸ்தீய் சிறை விழுந்தது 14-இல். சுங்கச் சாவடிகள் அதற்கு முன்பே எரிந்தன. செப்டம்பரில், தேசிய சபையாக மாறியிருந்த அந்தப் பேரவை உப்பின் விலையைப் பவுண்டுக்கு 6 சூ (லிவ்ரின் சில்லறை நாணயம்) என்று குறைத்து, கடமை உப்பையும் வீட்டுச் சோதனையையும் நிறுத்தியது. 1790 மார்ச்சில் கபெல் அடியோடு ஒழிந்தது.

அரசரின் முயற்சி இல்லாமலே அது நடந்தது என்பதை எல்லாரும் பார்த்தார்கள். நூறாண்டுகளாக முடியாதென்று சொன்னதை ஒரு சபை ஒன்பது மாதத்தில் முடித்துக் காட்டியது. 1791 ஜூனில் லூயி தப்பியோட முயன்று வாரென் ஊரில் பிடிபட்டபோது, நல்ல அரசர் என்ற நம்பிக்கையும் போயிற்று. 1792 செப்டம்பர் 21-இல் முடியாட்சி ஒழிந்தது. 1793 ஜனவரி 21-இல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. குத்தகைக்காரர்களின் முறை 1794 மே 8-இல் வந்தது. அன்று தலை இழந்த 28 பேரில் நவீன வேதியியலின் தந்தை லவாய்சியரும் ஒருவர். பாரிஸ் மதிலுக்கு யோசனை சொன்னவர் அவரே. புகையிலையில் அளவுக்கு மேல் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியதும் குற்றச்சாட்டுகளில் இருந்தது.

சமத்துவம் எல்லாருக்கும் இனிக்கவில்லை. எல்லையின் விலை வித்தியாசத்தில் பிழைத்த மேன் பகுதிக் கள்ள உப்புக்காரர்களுக்குக் கபெல் ஒழிந்த நாளில் தொழிலும் ஒழிந்தது. அவர்களில் ஒருவர் ழான் கொத்தரோ. கபெலூக்களோடு மோதிச் சிறை சென்றவர். 1792 ஆகஸ்டில் புரட்சி அரசு படைக்கு ஆள் சேர்க்க வந்தபோது அவர் ஊராரைத் திரட்டி எதிர்த்தார். ழான் ஷுவான் என்ற அவர் பட்டப்பெயரிலிருந்தே, மன்னருக்காகப் புரட்சியை எதிர்த்துப் பல ஆண்டு நடந்த ‘ஷுவான்’ போருக்குப் பெயர் வந்தது. மன்னரின் உப்பைக் கடத்தியவர் மன்னருக்காகவே போராடி 1794-இல் இறந்தார்.

1806-இல் நெப்போலியன் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். இம்முறை நாடு முழுதும் ஒரே வீதம். குத்தகை இல்லை, கடமை உப்பு இல்லை, பிராங்க்-சாலே இல்லை. மக்கள் முணுமுணுத்தார்கள், கட்டினார்கள். 1830-இலும் 1848-இலும் அரசர்கள் வீழ்ந்தார்கள், ஆனால் உப்பை முன்னிட்டு அல்ல. 1848 புரட்சிக்குப் பின் வரி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல்தான் முற்றிலும் நீங்கியது. அசமமான கபெலை உதறப் புரட்சி தேவைப்பட்ட நாடு, சமமாகப் போட்ட உப்பு வரியை 139 ஆண்டு சகித்தது.

சொல்லின் கிளைகள் இன்னும் பட்டுவிடவில்லை. பிரெஞ்சுப் பத்திரிகைகள் சுங்க அதிகாரிகளை இன்றும் செல்லக் கேலியாகக் கபெலூ என்கின்றன. வெனிசுவேலாவில் அல்கபாலா என்றால் நெடுஞ்சாலையில் காவலர்கள் வண்டியை மறிக்கும் சோதனைச் சாவடி. இத்தாலிய மொழியில் ‘கபெல்லாரே’ என்ற வினைக்குப் பொய்ச் சரக்கை மெய்யென்று தள்ளிவிடுவது என்ற பொருளும் உண்டு.

பழைய பொருளை விடாமல் வைத்திருந்தது சிசிலி. அங்கே கபெல்லா என்றால் நிலக் குத்தகை. பலெர்மோவில் குடியிருந்த பிரபுக்களிடம் பெரும் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்து, துண்டு துண்டாக விவசாயிகளுக்கு உள்குத்தகை விட்டவர் கபெல்லோத்தோ. வாரத்தைக் கறக்கவும் எதிர்ப்பை அடக்கவும் அவர் வைத்திருந்த ஆயுதக் காவலாள்களையும் கபெல்லோத்தோக்களையும் சுற்றியே மாஃபியா வேர்பிடித்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1890-களின் தொடக்கத்தில் விவசாயிகள் ‘ஃபாஷி’ என்ற சங்கங்களாகத் திரண்டு குத்தகை விதிகளை மாற்றக் கேட்டார்கள். வரிச் சாவடிகளும் எரிந்தன. 1894 ஜனவரியில் பிரதமர் கிறிஸ்பி படையை அனுப்பி அவற்றைக் கலைத்தார். சிசிலியின் பெரும் பண்ணைகளை உடைக்கும் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1950 டிசம்பரில் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் முடியாட்சி வாக்கெடுப்பில் முடிந்துபோயிருந்தது.